காதால் படிக்கும் பிரெஞ்சு: ‘அரசியலில் பெண்கள்’ கேட்டல் தேர்வு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிருஷ்ணகிரியில் நான் நடத்தும் பிரெஞ்சு வகுப்பில் இந்தப் பருவத்தின் கேட்டல் தேர்வுக்குத் தலைப்பு ‘அரசியலில் பெண்கள்’. பிளஸ் டூவில் பிரெஞ்சை மொழிப்பாடமாக எடுத்தவர்களும் கல்லூரி முதலாண்டுப் பிள்ளைகளும் எழுதுகிறார்கள். மூன்று ஒலிப்பதிவுகள், முக்கால் மணி நேரம், 25 மதிப்பெண். பெற்றோர், மாணவர்கள், தருமபுரியில் இதே பாடம் நடத்தும் ஆசிரியர்கள் என்று பலரும் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

கேட்டல் தேர்வு என்றால் டிக்டேஷன் தானே?

இல்லை. டிக்டேஷனில் காதில் விழுந்ததைப் பிழையில்லாமல் எழுத வேண்டும். எழுதியது புரியாவிட்டாலும் முழு மதிப்பெண் வாங்கிவிடலாம். கேட்டல் தேர்வில் பேசியவர் என்ன சொன்னார், எதற்காகச் சொன்னார், எந்த மனநிலையில் சொன்னார் என்பது பிடிபட்டதா என்று பார்க்கிறோம். எழுத்துப்பிழைக்கு ஒரு மதிப்பெண் கூடக் குறைப்பதில்லை.

பிள்ளைகளுக்கு எதற்கு மேடம் அரசியல்? ஹோட்டல், ரயில் நிலையம், கடை என்று சுலபமாக வைக்கக் கூடாதா?

அவற்றையெல்லாம் முதல் வருடமே முடித்துவிட்டோம். ஸ்டேஷனில் டிக்கெட் கேட்கும் உரையாடலை இன்னும் எத்தனை தடவை கேட்பது? பதினேழு, பதினெட்டு வயதுப் பிள்ளைகள் இவர்கள். சீக்கிரமே ஓட்டுப் போடப் போகிறவர்கள்.

அதோடு, இந்தத் தலைப்பு நம் ஊருக்கு அந்நியமானதும் இல்லை. தகடூர் என்ற பழம்பெயர் கொண்ட தருமபுரியை ஆண்ட அதியமான், தொண்டைமானிடம் தூது அனுப்பியது ஔவையாரைத்தான். போரைத் தவிர்க்க ஒரு பெண் அரசவைக்குப் போய்ப் பேசிய கதை இந்த மண்ணிலிருந்து தொடங்கியது. பிற்காலத்துக்கு வந்தால் 1991. அந்த ஆண்டு மே 15 அன்று எடித் கிரெசோன் பிரான்சின் முதல் பெண் பிரதமர் ஆனார். ஜூன் 24 அன்று ஜெயலலிதா முதல் முறையாகத் தமிழக முதல்வர் ஆனார். அவர் வென்ற தொகுதிகளில் ஒன்று நம் பர்கூர். கிருஷ்ணகிரி தனி மாவட்டமாவதற்கு முன் தருமபுரி மாவட்டத்தில் இருந்த பர்கூர். வகுப்பில் இந்த இரண்டு தேதிகளையும் பலகையில் அருகருகே எழுதினேன். பர்கூரிலிருந்து வரும் மாணவன் ஒருவன் வீட்டுக்குப் போய்ப் பாட்டியிடம் விசாரித்து, மறுநாள் அந்தத் தேர்தல் பிரசாரக் கதைகளோடு வந்தான். கிரெசோன் யார் என்று அவனுக்கு இனி மறக்காது.

எந்தக் கட்சிக்கும் ஆதரவாகவோ எதிராகவோ ஒரு வரி கூட ஒலிப்பதிவில் கிடையாது.

பதிலைத் தமிழில் எழுதலாமா?

எழுதலாம், எழுதுங்கள். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். காது எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று அளக்கிற இடத்தில் கையின் திறமையை அளந்தால் அது வேறு தேர்வாகிவிடும். பிரெஞ்சில் வாக்கியம் அமைக்கத் தெரியாத காரணத்தால், நன்றாகப் புரிந்துகொண்ட பிள்ளை பூஜ்யம் வாங்குவதை நிறையப் பார்த்திருக்கிறேன். ஓசூர்ப் பக்கத்திலிருந்து வரும் பிள்ளைகள் தெலுங்கிலோ கன்னடத்திலோ எழுதினாலும் படிக்க எனக்கு ஆள் இருக்கிறது. பெரும்பாலும் தமிழிலேயே எழுதிவிடுகிறார்கள்.

பேசப்படுவது ஆணைப் பற்றியா பெண்ணைப் பற்றியா என்பதே தெரிவதில்லை. எப்படிக் கண்டுபிடிப்பது?

இந்தத் தலைப்பைத் தேர்ந்தெடுத்ததற்கு உண்மையான காரணமே இந்தக் கேள்விதான். அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

தமிழில் ‘வந்தாள்’, ‘வந்தான்’, ‘வந்தார்கள்’ என்று யார், எத்தனை பேர் என்பதை வினையின் கடைசியில் வைக்கிறோம். அதனால் நம் காது இயல்பாகவே சொல்லின் முடிவுக்காகக் காத்திருக்கும். பிரெஞ்சில் எழுதும்போது முடிவு மாறும். பேசும்போது அந்த முடிவு பெரும்பாலும் ஒலிப்பதே இல்லை. ‘எல் வோத்’ என்றால் அவள் வாக்களிக்கிறாள். பல பெண்கள் வாக்களிக்கிறார்கள் என்றாலும் அதே ‘எல் வோத்’ தான். தாளில் இரண்டுக்கும் எழுத்து வேறு, காதுக்கு ஒன்றே. நாடாளுமன்ற உறுப்பினரைக் குறிக்கும் ‘தெப்யுதே’ ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே ஒலி. தேர்ந்தெடுக்கப்பட்டவர் என்று பொருள்படும் ‘எல்யூ’வும் அப்படியே. ஆகவே பிரெஞ்சு கேட்கும்போது வாலைப் பார்க்காதீர்கள், தலையைப் பாருங்கள். முன்னால் வருவது ஆண்பால் ‘லெ’வா பெண்பால் ‘லா’வா? ஆண்பால் ‘அன்’னா பெண்பால் ‘யூன்’னா? அந்தச் சின்ன ஒலியில்தான் பெண் இருக்கிறாள். சொல் உயிரெழுத்தில் தொடங்கினால் ‘லெ’யும் ‘லா’வும் ‘ல்’ என்று சுருங்கி, அந்தத் தடயமும் போய்விடும். அப்போது அடுத்த வாக்கியத்தில் ‘எல்’ (அவள்) வருகிறதா ‘இல்’ (அவன்) வருகிறதா என்று காத்திருக்க வேண்டும்.

இன்னொன்று. தேர்வில் கட்டாயம் வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்ட இணை இது. ‘எல்ஃஸோன் தெல்யூ’ என்றால் ‘அந்தப் பெண்கள் தேர்ந்தெடுத்தார்கள்’. ‘எல்சோன் தெல்யூ’ என்றால் ‘அந்தப் பெண்கள் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறார்கள்’. முதலில் வருவது கொசு ரீங்காரம் மாதிரி தொண்டை அதிரும் ஒலி. இரண்டாவது வெறும் காற்று. அதிர்வு இருந்தால் பெண்கள் வாக்காளர்கள், இல்லாவிட்டால் பிரதிநிதிகள். தமிழில் இந்த வேறுபாடு பொருளை மாற்றுவதில்லை என்பதால் நம் காது அதைக் கவனிக்கப் பழகவில்லை. தொண்டையில் இரண்டு விரலை வைத்துக்கொண்டு இரண்டையும் மாறி மாறிச் சொல்லிப் பாருங்கள். ஒரு வாரத்தில் காதுக்கும் பிடிபடும்.

‘லா மேர்’ என்றால் அம்மா தானே? ஏன் மதிப்பெண் குறைந்தது?

போன பருவத்தின் மாதிரித் தேர்வில் நடந்தது இது. ஒரு சிற்றூரின் பெண் மேயர் பள்ளிக்கூடத்தைத் திறந்து வைத்ததாகச் செய்தி. ‘லா மேர்’ என்று மேயரைச் சொன்னாலும், அம்மாவைச் சொன்னாலும், கடலைச் சொன்னாலும் ஒலி ஒன்றே. பாலக்கோட்டிலிருந்து வரும் மாணவி ‘அம்மா பள்ளிக்கூடத்தைத் திறந்து வைத்தார்’ என்று எழுதியிருந்தார். தாளை வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தேன். தமிழ்நாட்டில் வளர்ந்த ஒருவர் காதுக்கு அது மிக இயல்பான வாக்கியம். ஒலியை அவர் தவறவிடவில்லை. ஆனால் அதே செய்தியில் நகரசபை என்ற சொல்லும், மார்ச் மாதத் தேர்தல் என்ற சொல்லும் வந்தன. பிரான்சில் உள்ளாட்சித் தேர்தல் வழக்கமாக மார்ச் மாதத்தில்தான் நடக்கும். அவற்றோடு சேர்த்துப் பார்த்திருந்தால் மேயர் என்று தெரிந்திருக்கும். இரண்டுக்கு ஒன்று போட்டேன். ஒலி கேட்டதற்கு ஒன்று. சுற்றியிருக்கும் சொற்களோடு பொருத்திப் பார்த்திருந்தால் இன்னொன்று.

இதே போல ‘வ்வா’ என்ற சொல். குரல் என்றும் பொருள், ஓட்டு என்றும் பொருள். இதை விளக்கத் தமிழ் ஆசிரியருக்கு ஒரு வசதி உண்டு. நம் ‘வாக்கு’ம் அப்படித்தானே? சொல்லும் வாக்கு, போடுவதும் வாக்கு. வகுப்பில் இதைச் சொன்ன நாளிலிருந்து அந்தச் சொல்லில் யாரும் தடுமாறியதில்லை.

வருடங்கள் வேகமாகப் போய்விடுகின்றன. 1974 என்று சொன்னால் 1960 என்று எழுதிவிடுகிறேன்.

பிரான்சில் பேசும் பிரெஞ்சில் 70க்குத் தனிச்சொல் இல்லை. 74 என்பதை ‘அறுபது–பதினான்கு’ என்கிறார்கள். 91 என்பது ‘நாலு இருபது–பதினொன்று’. நீங்கள் ‘சுவாசான்த்’ காதில் விழுந்ததுமே 60 என்று எழுதிவிடுகிறீர்கள். ஒரு மாணவரின் தாளில் 60, பக்கத்தில் 14 என்று இரண்டு எண்கள் தனித்தனியாக இருந்தன. இரண்டையும் சரியாகக் கேட்டிருக்கிறார், கூட்டத்தான் இல்லை. எண் முழுதாக முடியும் வரை பேனாவைத் தாளில் வைக்காதீர்கள். நம் மொழியிலும் 90 சொல்லும்போது ‘தொண்ணூறு’ என்று நூறை உள்ளே வைத்துத்தான் சொல்கிறோம். யாரும் 100 என்று எழுதிவிடுவதில்லை. முழுதும் கேட்டுப் பழகியதால்தான்.

இந்தத் தேர்வுக்கு 1791, 1848, 1936, 1944, 1945, 1974, 1991, 2000, 2022 ஆகிய ஆண்டுகளைக் காதால் அடையாளம் காணப் பழகிக்கொள்ளுங்கள்.

அந்த ஆண்டுகளில் என்ன நடந்தது? முன்கூட்டியே படித்துவிட்டு வரலாமா?

தாராளமாக. 1791இல் ஒலாம்ப் தெ கூழ் என்ற பெண் எழுத்தாளர் பெண்களின் உரிமைப் பிரகடனத்தை எழுதினார். 1793இல் கில்லட்டினில் அவர் தலை வெட்டப்பட்டது. 1848இல் பிரான்சில் ஆண்கள் எல்லோருக்கும் வாக்குரிமை வந்தது. பெண்களுக்கு அது 1944 ஏப்ரல் 21 ஆணையால் கிடைத்தது. முதல் முறையாக அவர்கள் ஓட்டுப் போட்டது 1945 ஏப்ரல் 29 அன்று, உள்ளாட்சித் தேர்தலில். அதே ஆண்டு அக்டோபரில் அரசியல் நிர்ணய சபைக்கு 33 பெண்கள் தேர்வானார்கள். வேட்பாளர்களில் ஆண் பெண் சமநிலை வேண்டும் என்ற சட்டம் 2000 ஜூன் மாதம் வந்தது. 2022இல் எலிசபெத் போர்ன் இரண்டாவது பெண் பிரதமரானார். சில வாரங்களில் யாயெல் பிரோன்-பிவே தேசிய சபையின் முதல் பெண் தலைவரானார்.

நம் சென்னை மாகாணத்தில் சொத்துத் தகுதி உள்ள பெண்களுக்கு 1921இலேயே சட்டசபை வாக்குரிமை கொடுத்துவிட்டார்கள் என்பதையும் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிரான்சை எப்போதும் முன்னே நிற்கும் நாடாகவே நினைத்துப் பழகிய பிள்ளைகளுக்கு இது தெரிய வேண்டும்.

அப்படியானால் பொது அறிவை வைத்தே விடை எழுதிவிடலாமே?

முடியாதபடிதான் கேள்வி அமைத்திருக்கிறேன். ‘பெண்கள் எந்த ஆண்டு முதலில் வாக்களித்தார்கள்?’ என்று கேட்டால் புத்தகம் படித்தவர் காதை மூடிக்கொண்டே எழுதிவிடுவார். அதனால், ‘அன்று காலை பேசுபவரின் பாட்டி யாரோடு வாக்குச்சாவடிக்குப் போனார்?’ என்று கேட்கிறேன். அது ஒலிப்பதிவில் மட்டும்தான் இருக்கும். அந்தப் பாட்டியும் பேத்தியும் நான் எழுதிய கற்பனைப் பாத்திரங்கள். வரலாற்றுத் தகவல் எதையும் மாற்றவில்லை.

மதிப்பெண் எப்படிப் போடுகிறீர்கள்?

பெரும்பாலான கேள்விகளுக்கு இரண்டு மதிப்பெண். சரியான துண்டைப் பிடித்ததற்கு ஒன்று, அதை மற்றொன்றோடு சேர்த்துப் புரிந்ததற்கு ஒன்று. ஓர் உதாரணம். 1936இல் பிரதமர் லெயோன் ப்ளூம் அமைச்சரவையில் மூன்று பெண்கள் துணையமைச்சர்களாக இருந்தார்கள். அவர்களில் ஒருவர் இரேன் ழோலியோ-கியூரி. மேரி கியூரியின் மகள், தானும் நோபல் பரிசு பெற்றவர். பேசுபவர் இதைச் சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்தி, ‘அவர்களால் ஓட்டுப் போட முடியாது’ என்று முடிக்கிறார். கேள்வி: பேசுபவருக்கு எது வியப்பாக இருக்கிறது? ‘மூன்று பெண்கள் அமைச்சர்கள்’ என்று மட்டும் எழுதினால் ஒன்று. அமைச்சராகலாம், ஆனால் வாக்களிக்க முடியாது என்ற முரணை எழுதினால் இரண்டு. அந்த எதிர்மறை வாக்கியத்தில் எழுத்தில் வரும் ‘ந’ பேச்சில் விழுந்துவிடும். வினைக்குப் பின்னால் வரும் ‘பா’ மட்டுமே மிஞ்சும். அந்த ‘பா’வைத் தவறவிட்டவர்கள் ‘அவர்கள் ஓட்டுப் போட்டார்கள்’ என்று நேர் எதிராக எழுதிவிடுகிறார்கள்.

இன்னோர் இடம்: 1848. பேசுபவர் ‘சர்வஜன வாக்குரிமை’ என்பதற்கான பிரெஞ்சுச் சொல்லைச் சொல்லி, ஒரு சிறு இடைவெளி விட்டு, ‘மாஸ்க்யுலான்’, அதாவது ஆண்களுக்கு மட்டும், என்கிறார். ‘யூனிவெர்செல்’ என்ற பழக்கமான சொல் காதில் விழுந்ததும் பலர் நிம்மதியாகி, ‘எல்லோருக்கும் ஓட்டுரிமை’ என்று எழுதத் தொடங்கிவிடுகிறார்கள். அந்தத் தவறை அந்தக் காலத்து பிரான்சே செய்தது; பாதி நாட்டை விட்டுவிட்டு ‘சர்வஜன’ என்று பெயர் வைத்தார்கள். எனவே இந்தக் கேள்விக்கு மூன்று மதிப்பெண் வைத்திருக்கிறேன்.

கருக்கலைப்புச் சட்டம் பற்றிய பகுதி வருகிறதாமே? என் பெண் பிளஸ் டூதான் படிக்கிறாள்.

வருகிறது. சிமோன் வெய்லைத் தவிர்த்துவிட்டு இந்தத் தலைப்பை நடத்த எனக்கு மனம் வரவில்லை. சிறுமியாக இருந்தபோதே ஆஷ்விட்ஸ் முகாமுக்கு அனுப்பப்பட்டு உயிர் தப்பியவர்; சுகாதார அமைச்சராக 1974 நவம்பர் 26 அன்று தேசிய சபையில் அந்த மசோதாவை முன்வைத்தார்; சட்டம் 1975 ஜனவரியில் வந்தது. 1979இல் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் முதல் தலைவர் ஆனார். இந்தியாவில் அதற்கான சட்டம் 1971லேயே இருந்தது என்பதை உங்கள் மகளிடம் நீங்களே சொல்லலாம்.

தேர்வில் வருவது உரையின் ஒரு பகுதியைப் பற்றிய ஒரு நிமிட அறிமுகம் மட்டும். ஒரு பெண்ணின் நம்பிக்கையைச் சொல்லப் போகிறேன் என்று சொல்லி, ஏறக்குறைய ஆண்கள் மட்டுமே இருக்கும் சபையில் அதைச் சொல்வதற்கு அவர் மன்னிப்புக் கேட்கிறார். கேள்வி குரலின் தொனியைப் பற்றியது: பணிவா, சவாலா, இரண்டுமா? தகுந்த காரணம் எழுதினால் எந்த விடைக்கும் மதிப்பெண் உண்டு. உரையின் பழைய ஒலிப்பதிவு இணையத்தில் கிடைக்கிறது. தேர்வு முடிந்ததும் வகுப்பில் போடுவேன். அந்தக் குரலைக் கேட்க வேண்டும். அவசரமில்லாத, நடுங்காத குரல்.

‘மதாம் லெ மினிஸ்த்ர்’ சரியா, ‘மதாம் லா மினிஸ்த்ர்’ சரியா?

இப்போது ‘லா’. நீண்ட காலம் பெண் அமைச்சரையும் ஆண்பால் ‘லெ’ போட்டே அழைத்தார்கள். 2014 அக்டோபரில் தேசிய சபையில் ஓர் உறுப்பினர், அவையை நடத்திய பெண்ணைப் பிடிவாதமாக ‘லெ’ போட்டே அழைத்தார். அவருடைய ஒரு மாதப் படியில் கால்பங்கு வெட்டப்பட்டது. பிரெஞ்சு மொழியைக் கண்காணிக்கும் பிரெஞ்சு அகாதெமி பதவிப் பெயர்களின் பெண்பால் வடிவங்களை ஏற்றுக்கொண்டது 2019இல். மூன்றாவது ஒலிப்பதிவில் இரண்டு பேர் பேசுகிறார்கள். ஒருவர் ‘லெ’ என்கிறார், மற்றவர் ‘லா’ என்கிறார். யார் பழைய வழக்கைப் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்று கேட்டிருக்கிறேன்.

எத்தனை முறை போடுவீர்கள்?

மூன்று முறை. முதல் முறை கேள்வித்தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, சும்மா கேட்க வேண்டும். பிறகு கேள்விகளைப் படிக்க இரண்டு நிமிடம். அதன்பின் இரண்டு முறை.

தேர்வு காலை ஏழரைக்கு. பஸ் சத்தம் ஏறுவதற்கு முன்பே முடித்துவிடலாம். ஃபேனை நிறுத்திவிடுவேன்; முன்பு சொன்ன அதிர்வு ஒலியை முதலில் விழுங்குவது ஃபேன்தான். ஊத்தங்கரை, காரிமங்கலம் பக்கமிருந்து வருகிறவர்கள் முந்தைய பஸ்ஸைப் பிடியுங்கள்.

காது சரியாகக் கேட்காத மாணவருக்கு என்ன ஏற்பாடு?

முன்பே சொல்லுங்கள். எதிரே உட்கார்ந்து, உதடு தெரியும்படி நானே வாசிக்கிறேன். அதே கேள்விகள், அதே மதிப்பெண்.

நானும் ஆசிரியர். ஒலிப்பதிவை எப்படித் தயாரித்தீர்கள்?

புதுச்சேரியில் இருக்கும் என் தோழியும் நானும் வாசித்துப் பதிவு செய்தோம். கணினிக் குரலை வைத்துப் பார்த்தேன். ஒவ்வோர் அசையையும் முழுதாகச் சொன்னது, எங்கேயும் தயங்கவில்லை. மனிதர்கள் அப்படிப் பேசுவதில்லை. வாக்கியத்தை எழுதி வாசிப்பதை விட, குறிப்புகளை மட்டும் வைத்துக்கொண்டு பேசிப் பதிவு செய்வது நல்லது. ‘ம்’, ‘அதாவது’ போன்ற இடைச்சொற்கள் தானாக வந்துவிடும். அவைதான் மாணவருக்கு மூச்சு விட இடம் தருகின்றன. ஒன்றரை நிமிடத்துக்கு மேல் போக வேண்டாம். கேள்வியை எழுதிய பிறகு, ஒலிப்பதிவைக் கேட்காத ஒருவரிடம் கொடுத்து விடை எழுதச் சொல்லுங்கள். அவர் சரியாக எழுதிவிடும் கேள்விகளை எடுத்துவிடுங்கள்.

வீட்டில் எப்படிப் பயிற்சி செய்வது?

ஆர்.எஃப்.ஐ. (RFI) என்ற பிரெஞ்சு வானொலி எளிய பிரெஞ்சில் தினமும் பத்து நிமிடச் செய்தி தருகிறது. எழுத்து வடிவமும் கிடைக்கும். தேவே சேன்க் மோந்த் (TV5MONDE) தளத்தில் நிலைவாரியாக இலவசப் பயிற்சிகள் இருக்கின்றன. எழுத்து வடிவத்தை முதலில் பார்க்காதீர்கள். இரண்டு முறை கேட்டு, புரிந்ததைத் தமிழில் நாலு வரி எழுதிவிட்டு, அதன்பிறகே பாருங்கள். எந்த இடத்தில் காது ஏமாந்தது என்பதை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள்.

டெல்ஃப் எழுத இது உதவுமா?

உதவும். டெல்ஃப் (DELF) என்பது பிரெஞ்சு மொழித் திறனுக்கான சான்றிதழ்த் தேர்வு. அதில் நான்கு பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் 25 மதிப்பெண். அதில் ஒன்று கேட்டல். மொத்தம் 50 எடுத்தால் தேர்ச்சி, ஆனால் எந்தப் பகுதியிலும் 5க்குக் குறையக் கூடாது. நான் 25க்கு வைத்திருப்பது அந்த அளவுக்குப் பழக்கத்தான்.

மதிப்பெண் குறைந்தால் மறுதேர்வு உண்டா?

உண்டு, ஆனால் அதே ஒலிப்பதிவில் இல்லை. விடைத்தாளோடு ஒலிப்பதிவின் எழுத்து வடிவத்தையும் தருவேன். தவறிய ஒவ்வோர் இடத்திலும் கேட்டது என்ன, சொன்னது என்ன என்று இரண்டு பத்தியாக எழுதிக் கொண்டு வர வேண்டும். அந்தத் தாளைக் கொடுத்த பிறகே மறுதேர்வுக்கு உட்கார வைப்பேன். பாலக்கோட்டு மாணவி கொண்டுவந்த தாளில் முதல் வரி இப்படி இருந்தது: ‘கேட்டது – அம்மா. சொன்னது – மேயரம்மா.’